பூட்டுக்குப் புகழ் சேர்த்த அர்தேசிர் கோத்ரெஜ்

விடியுமுன் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் புறப்படும் தாய்மார்கள் நிறைந்தது நம் வட்டாரம். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலும் இராசபாளையம் நூற்பாலைகளும் ஆலங்குளம் சிமென்ட் ஆலையும் பலருக்குச் சோறு போடுகின்றன. பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதனுள் மகளுக்கென்று சேர்த்த இரண்டு சவரனும், மகனின் பள்ளிச் சான்றிதழும், வீட்டுப் பத்திரமும் இருக்கும். இவை அனைத்துக்கும் காவல் ஒரே ஒரு பூட்டுதான். அந்தப் பூட்டு எதுவரை காக்கும், எங்கே கைவிடும் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஒருவரின் வரலாற்றை நாம் அறிவது பயனுடையதாகும். அவரே அர்தேசிர் கோத்ரெஜ்.

இளமை

அர்தேசிர் 1868ஆம் ஆண்டு மும்பையில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் அறுவரில் இவரே மூத்தவர். திருமணமான மறு ஆண்டே பெருந்துயர் ஒன்று இவரைத் தாக்கியது. 1891இல் மும்பைப் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டான இராசாபாய் கோபுரத்திலிருந்து விழுந்து இவருடைய இளம் மனைவி பச்சுபாய் உயிரிழந்தார். அர்தேசிர் அதன்பின் மணம் செய்துகொள்ளவேயில்லை.

சட்டம் பயின்ற அவர், 1894இல் ஒரு வழக்கிற்காகக் கிழக்காப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக்குச் சென்றார். தம் கட்சிக்காரர் சொல்வது உண்மைதான் என்று தமக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றை நீதிமன்றத்தில் வாதிட அவர் மனம் இடம் தரவில்லை. வழக்கறிஞர் தொழிலையே உதறிவிட்டு ஊர் திரும்பினார்.

பின்னர் மும்பையில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். குடும்ப நண்பர் ஒருவரிடம் மூவாயிரம் ரூபாய் கடன் பெற்று, அறுவை மருத்துவத்துக்கான கருவிகளைச் செய்தார். கருவிகள் தரமாகவே அமைந்தன. ஆனால் அவற்றின்மேல் இந்தியாவில் செய்யப்பட்டது என்று பொறிக்க, அவற்றை வாங்கவிருந்த ஆங்கிலேயர் இசையவில்லை. அர்தேசிரும் விட்டுக்கொடுக்கவில்லை. தொழில் முடிந்தது, கடன் மிஞ்சியது.

பூட்டுத் தொழில்

அக்காலத்தில் மும்பையில் திருட்டுகள் பெருகி வருவதைச் செய்தித்தாளில் படித்த அர்தேசிர், நம்பத்தக்க பூட்டு ஒன்றைச் செய்யத் துணிந்தார். 1897ஆம் ஆண்டு லால்பாக் பகுதியில் ஒரு சிறு கொட்டகையில், குசராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்த சில தொழிலாளர்களுடன் வேலை தொடங்கியது. நங்கூரச் சின்னம் தாங்கி வெளிவந்த அவருடைய பூட்டு ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய சாவி. வேறு சாவி அதைத் திறக்காது என்பது அவர் அளித்த உறுதி.

இயற்பியல் மாணவர்க்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். பூட்டினுள் பல நெம்புத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் சாவியின் பல் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பூட்டின் நாக்கு நகராது. வழக்கமாகத் தகடுகளை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங் என்னும் வில்சுருள். அது துருப்பிடிக்கும், தளரும், ஒடியும். அதையே நீக்கி, ஸ்பிரிங் இல்லாத பூட்டைச் செய்து அதற்குக் காப்புரிமையும் பெற்றார் அர்தேசிர்.

எவராலும் திறக்க முடியாத பூட்டு உலகில் உண்டா? 1851இல் இலண்டனில் நடந்த பெரும் கண்காட்சியின்போது, ஆப்ஸ் என்ற அமெரிக்கர் புகழ்பெற்ற இரண்டு ஆங்கிலப் பூட்டுகளைச் சாவியின்றித் திறந்து காட்டினார். அவற்றுள் பிராமா பூட்டுக்கு மட்டும் 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. ஆகவே நல்ல பூட்டு தருவது காலம். முழுப் பாதுகாப்பு அன்று. எந்தத் திருடனும் 51 மணி நேரம் வாசலில் அமர்ந்திருக்க மாட்டான். அவன் வேறு வழி தேடுவான்.

நாக்கு எவ்வளவு தாங்கும்?

கதவிலேயே பதித்து, சாவியைத் திருப்பினால் கனத்த இரும்பு நாக்கு நிலைக்குள் புகுந்து நிற்கும் பூட்டைக் கடைக்காரர்கள் டெட் லாக் என்பர். சரிவான நாக்குள்ள சாதாரணப் பூட்டை மெல்லிய தகடு ஒன்றைச் செருகித் தள்ளிவிடலாம். டெட் லாக்கை அப்படித் தள்ள இயலாது. இது அதன் பெருமை.

ஆயினும் கதவை உதைத்தால் அந்த விசை முழுவதும் எங்கே போய்ச் சேருகிறது? நாக்கு நுழைந்திருக்கும் நிலையின் சிறு துளையில்தான். துளைக்கும் விளிம்புக்கும் இடையே உள்ளது விரற்கடை மரம். அங்கே அடித்த தகட்டை அரை அங்குலத் திருகாணிகள் பிடித்திருந்தால், நாக்கு வளையாது, மரமே பிளந்துவிடும். கீல் வெளிப்புறம் இருந்தால் அதன் ஆணியைத் தட்டியெடுத்துக் கதவையே கழற்றலாம். கதவைத் தொடாமலே ஓட்டைப் பிரித்து இறங்கலாம். கன்னக்கோலால் மண்சுவரைத் துளைத்து உள்ளே புகுந்த கள்வரைப் பற்றி நம் முன்னோர் நன்கு அறிவர். இத்தனைக்கும் மேலாக, சாவியை நிலையின்மேலோ மாடத்திலோ வைத்துச் செல்லும் வீட்டில் எந்தப் பூட்டும் வெறும் அணிகலனே!

பெட்டகமும் தீயும்

பூட்டு வலுவாகிவிட்டால் திருடன் பூட்டை விட்டுவிட்டுப் பெட்டியை உடைப்பான் என்பதை அர்தேசிர் உணர்ந்தார். எனவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்புப் பெட்டகம் செய்யத் தொடங்கினார். இணைப்புகளே பெட்டியின் பலவீனம் என்று கண்டு, எஃகுத் தகட்டை வளைத்து அவற்றைக் குறைத்தார். திருடனுக்கு அஞ்சும் பொருள் தீக்கும் அஞ்ச வேண்டுமல்லவா? அதனால் பெட்டகம் தீயையும் தாங்குமாறு செய்தார். 1944 ஏப்ரல் 14ஆம் நாள் மும்பைத் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துப் பெருந்தீ பரவியபோது, அவருடைய நிறுவனத்தின் பெட்டகங்கள் உள்ளிருந்தவற்றைக் காத்து நின்றன. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

தீயைப் பற்றி நாம் மறவாதிருக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. உள்ளிருந்தும் சாவியால் மட்டுமே திறக்கும் பூட்டு, நள்ளிரவில் தீப்பிடித்தால் வீட்டாரையே சிறைவைத்துவிடும். பொருளைக் காக்கும் பூட்டு உயிருக்குப் பகையாகலாகாது. உள்பக்கம் கைப்பிடியால் திறக்கும் அமைப்பே குடும்பத்துக்கு ஏற்றது.

பிற்காலம்

தாவர எண்ணெயிலிருந்து குளியல் சோப்பு செய்ததும் அர்தேசிரின் அருஞ்செயல்களுள் ஒன்று. திலகர் சுயராச்சிய நிதிக்கு மூன்று இலட்சம் ரூபாய் வழங்கினார். ஆனாலும், சுதேசிப் பொருள் என்பதற்காக மட்டமானதை மக்கள் வாங்க வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. தரத்தால் வெல்வதே நாட்டுப்பற்று என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் தொழிலைத் தம்பி பிரோச்சாவிடம் ஒப்படைத்துவிட்டு, நாசிக் பகுதியில் வேளாண்மையில் ஈடுபட்டார். 1936இல் மறைந்தார்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு, 1951-52இல், இலட்சக்கணக்கான வாக்குப் பெட்டிகளைச் செய்தளித்தது அவர் நிறுவிய தொழிற்சாலை. அங்கும் பூட்டு மட்டும் தேர்தலைக் காக்கவில்லை. அரக்கு முத்திரையும், அருகிருந்து கண்காணித்த முகவர்களும், நேர்மையான அலுவலர்களும் சேர்ந்தே காத்தனர்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை நாம் ஈட்டும் பணத்தில் ஒரு வீடு எழும்போது, விலையுயர்ந்த பூட்டு ஒன்றை வாங்கி மாட்டியதும் கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நிலைக்கு நல்ல மரமும், சுவர் வரை இறங்கும் நீண்ட திருகாணியும், உட்புறக் கீலும், சன்னலுக்குக் கம்பியும், அண்டை வீட்டாரின் நல்லுறவும் வேண்டும். பெற்றோரின் இரண்டு சவரனை வங்கிப் பெட்டகத்தில் வைக்கச் சொல்லித் தருவதும் படித்த நம் கடமையே. தாம் செய்த பொருளின் எல்லையைத் தாமே அறிந்து, அதற்கு அப்பாலும் உழைத்த அர்தேசிரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.