மகனை அளந்த தந்தை

பறவைகளைப்பற்றி எழுதுவதிற் பூஃபோன் என்னும் பேரறிஞருக்குத் துணைநின்றவர், பிரான்சு நாட்டு மொன்பெயார். 1720-இற் பிறந்த இவருக்கு 1759-இல் ஒரு மகன் பிறந்தான். அன்றுதொட்டு ஏறத்தாழப் பதினெட்டாண்டு, அரையாண்டுக்கு ஒருமுறையளவில், அவனுயரத்தை அளந்து குறித்துவந்தார். இன்றைய அளவையிற் கூறின், 51 சென்ரிமீற்றர் மகவு 187 சென்ரிமீற்றர் இளைஞனாயிற்று. பூஃபோன் அக்குறிப்பை 1777-இல் வெளியிட்டார். மொன்பெயார் 1785-இல் மறைந்தார்.

தளர்ந்துவரும் வளர்ச்சி விடலைப்பருவத்தில் மீண்டும் விரைவதை அவ்வெண்கள் காட்டின. அவ்விரைவு பிள்ளைக்குப் பிள்ளை வேறுவேறு வயதில் வருவது. பலரை ஒருமுறை அளந்தெடுக்கும் சராசரியில் அது மழுங்கும். ஒருவனையே பன்முறை அளந்தாலன்றி அவன் நடை தெரியாது.

இன்று கொச்சிக்கடைத் தாயர் கிளினிக்கிற்குக் கொண்டுசெல்லும் வளர்ச்சிப் பதிவேட்டிலும் அம்முறையே வாழ்கின்றது. வகுப்பின் முன்வரிசைச் சிறுவனை அயலவனோடு ஒப்பிட்டுக் குள்ளனென்று முடிவுகட்டும் ஆசிரியராகிய நாம், அவனைச் சென்ற ஆண்டின் அவனோடன்றோ ஒப்பிடல்வேண்டும்!