வண்டியைக் கழற்றிப் படித்தவர்!

குட்டீஸ்! மோட்டார் பைக் என்றால் உங்களில் பலருக்குக் கொள்ளை ஆசை, இல்லையா? நாகர்கோவில் வேப்பமூடு சந்திப்பில் புது மாடல் பைக் ஒன்று வந்து நின்றால் போதும். அது எந்தக் கம்பெனி, எத்தனை சி.சி., எவ்வளவு வேகத்தில் போகும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்து விடுவீர்கள். சரி, அந்த இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால்?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட இளைஞர் ஒருவர் இருந்தார். அவர்தான் 'இந்தியாவின் எடிசன்' என்று புகழப்படும் ஜி.டி.நாயுடு.

கோவை மாவட்டம் சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி பிறந்தார் துரைசாமி. அப்பா பெயர் கோபால்சாமி. துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காய்! வகுப்பில் குறும்பு தாங்க முடியவில்லை. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்று போனது. பிறகு தோட்டத்து வேலை. ஆனால் கையில் கிடைக்கும் தமிழ்ப் புத்தகங்களை மட்டும் அவர் விடவில்லை. தானாகவே படித்துத் தள்ளினார்.

அவருக்கு 20 வயது இருக்கும். ஒருநாள் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, மிதிக்கவும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது! துரைசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வண்டியின் பெயர் 'ரட்ஜ்'. இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் தயாரானது. சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனிதான் பிறகு மோட்டார் சைக்கிளும் செய்ய ஆரம்பித்தது. உங்களில் பைக் ரேஸ் பிரியர்கள் இருக்கிறீர்களா? ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டி.டி. பந்தயத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914-ம் ஆண்டு அங்கே 'சீனியர்' பந்தயத்தில் முதலாவதாக வந்ததும் ஒரு ரட்ஜ் வண்டிதான்!

அப்படிப்பட்ட வண்டியைக் கிராமத்து இளைஞர் ஒருவர் வாங்க முடியுமா? வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார் துரைசாமி. ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, பரிமாறி, மேஜை துடைத்துக் காசு காசாகச் சேர்த்தார். கடைசியில் அந்த அதிகாரியிடமே போய்ப் பணத்தைக் கொடுத்து, வண்டியை வாங்கிவிட்டார்.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிப்போம். துரைசாமியோ வண்டியை அக்கக்காகக் கழற்றிப் போட்டார்! இத்தனை நாள் உழைத்துச் சேர்த்த பணம் முழுவதும் அந்த இரும்புத் துண்டுகளில்தான் இருக்கிறது. மறுபடி மாட்டத் தெரியாவிட்டால் எல்லாம் போச்சு. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. ஆனாலும் துணிந்தார்.

பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போகிறது. அங்கே ஒரு தீப்பொறி. உடனே அந்தக் கலவை எரிந்து, பிஸ்டனை வேகமாகத் தள்ளுகிறது. பிஸ்டன் மேலும் கீழும் போய்வர, அதோடு சேர்ந்த தண்டு சுழல்கிறது. அந்தச் சுழற்சி சக்கரத்துக்குப் போனால் வண்டி ஓடுகிறது. நீங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கும் இந்த விஷயத்தை அவர் கை நிறைய எண்ணெய்க் கறையோடு கற்றுக்கொண்டார். கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கைதேர்ந்த மெக்கானிக் ஆனார்.

1920-ல் கோவையில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே அதை ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான்! அந்த ஒற்றை பஸ்தான் 'யு.எம்.எஸ்.' என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நம் மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த அரசே சொந்தமாகப் பஸ் விட்டது 1938-ல்தான். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே நாயுடுவின் முதல் பஸ் ஓடிவிட்டது!

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. ஜெர்மனி உட்படப் பல நாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தார். பேட்டரியில் ஓடும் சவர ரேசர் செய்தார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையிலேயே மின்சார மோட்டார் தயாரித்தார்.

பள்ளியை விட்டு ஓடியவர், 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கவும் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். நான்கு வருடப் படிப்பு எதற்கு, வேலை செய்து பழகினால் இரண்டு வருடமே போதும் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை. அவர் முதல்வர் பதவியை விட்டு விலகினார்.

அவருடைய பெரிய கனவு ஒன்றும் நிறைவேறவில்லை. சாதாரணக் குடும்பமும் கார் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் அந்தக் காலத்தில் அரசு லைசென்ஸ் தந்தால்தான் கார் தயாரிக்க முடியும். லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் ரோட்டுக்கு வராமலே போய்விட்டது.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி அவர் மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10 கி.மீ. நீள மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அதே சாலையில் அவர் குடும்ப அறக்கட்டளையின் கார் மியூசியமும் இருக்கிறது. கோவைக்குப் போனால் பழைய கார்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என்ன குட்டீஸ், உங்களுக்கும் வண்டி ஆசை வந்துவிட்டதா? அப்பாவின் பைக் மேல் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்! உங்கள் சைக்கிள் பெல்லின் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் குட்டிப் பல்சக்கரங்கள் எது எதைச் சுற்றுகிறது என்று பாருங்கள். படம் வரைந்து வைத்துக்கொண்டு மறுபடி மாட்டுங்கள். டிரிங்... டிரிங்... என்று சத்தம் வந்தால், நீங்களும் அவர் வழியில் முதல் அடி எடுத்து வைத்துவிட்டீர்கள்!