நரம்புக்கு வழி கண்ட காஹல்

நம்ம அறிவியல் புத்தகத்தில் நியூரான் படம் வரைந்து பாகம் குறிக்கிறோமே, அந்த நியூரான் ஒவ்வொன்றும் தனித்தனி செல் என்று உலகத்துக்குக் காட்டியவர் சாந்தியாகோ ரமோன் இ காஹல்.

இவர் 1852 மே 1-ல் ஸ்பெயின் நாட்டில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார். சின்ன வயசில் சேட்டைன்னா சேட்டை! 11 வயதில் தானே ஒரு பீரங்கி செய்து, பக்கத்து வீட்டு கேட்டை உடைத்து ஜெயிலுக்கே போனார். படம் வரையத்தான் ஆசை. டாக்டரான அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. (எங்க வீட்டிலயும் அப்படித்தான்.) முடி வெட்டுபவரிடமும் செருப்பு தைப்பவரிடமும் வேலைக்கு விட்டுவிட்டார். பிறகு அப்பாவே இடுகாட்டு எலும்புகளைக் காட்டி வரையச் சொன்னார். அதில்தான் மருத்துவத்தில் ஆசை வந்தது.

இத்தாலி விஞ்ஞானி கோல்ஜி, வெள்ளி உப்பால் நரம்புச் செல்லைக் கறுப்பாக்கிப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். காஹல் 1887-ல் அதைக் கற்று, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வரைந்தார். நரம்பு எல்லாம் ஒரே வலை என்றார் கோல்ஜி. இல்லை, தனித்தனி செல் என்றார் காஹல். 1906-ல் இரண்டு பேருக்கும் சேர்த்தே நோபல் பரிசு! மேடையில்கூட கோல்ஜி விட்டுக்கொடுக்கலை.

எனக்கு அதைவிட ஆச்சரியம், வெட்டுப்பட்ட நரம்பைப் பற்றி இவர் எழுதியதுதான். வெட்டின இடத்தைத் தாண்டி உள்ள இழைகள் அழிந்துபோகும். இந்தப் பக்கத்திலிருந்து புது இழை துளிர்க்கும். வழி தெரியாவிட்டால் அங்கேயே சுற்றி முடிச்சாகிவிடும். அந்தப் பக்கத்து நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இதைக் கூப்பிடுகிறது என்று காஹல் நினைத்தார்.

இன்று ஆபரேஷனில் நரம்பின் இரண்டு முனைகளையும் கொலாஜன் குழாய்க்குள் வைத்துத் தைக்கிறார்கள். கொலாஜன் நம்ம தோலில் உள்ள புரதம்தான், தானாகக் கரைந்துவிடும். இழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். 15 செ.மீ. போக 5 மாதம்! இடைவெளி 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் குழாய் போதாது, காலிலிருந்து நரம்பு எடுத்து வைப்பார்கள்.

மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டும் துளிர் கொஞ்சம் வளர்ந்து நின்றுவிடுவதைக் காஹல் பார்த்தார். இவரது மாணவர் டெல்லோ 1911-ல் முயலின் மூளையில் கால் நரம்புத் துண்டை வைத்தார். மூளை இழைகள் அதற்குள் வளர்ந்தன! அப்போ இழைக்கு வளரத் தெரியும், இடம்தான் சரியில்லை.

காஹல் 1934 அக்டோபர் 17-ல் மாட்ரிட் நகரில் இறந்தார். தண்டுவடத்தில் ஜெல் வைத்து இழைக்கு இடம் அமைக்க விஞ்ஞானிகள் இன்னும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.