துணியைத் தோளில் சுமந்த காஞ்சிபுரத்துக்காரர்

ஈரோடு மஞ்சளுக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி விவசாயிகள் கூட்டத்தில் பேசினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: இதனால் எனக்கு என்ன பயன்? பதிலுக்கு வயலை விட்டுக் கொஞ்சம் தறிப் பக்கம் போக வேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் குறியீட்டை முதலில் பெற்ற பொருட்களில் காஞ்சிபுரம் பட்டும் ஒன்று. அந்த ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் காலத்தில் இப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால், சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவர்களுக்காக அவர் தெருவில் இறங்கியிருக்கிறார்.

1909 செப்டம்பர் 15 அன்று நடராசன் - பங்காரு அம்மாள் மகனாகப் பிறந்தார் அண்ணாதுரை. வளர்த்தவர் ராஜாமணி அம்மாள். அவரைத் தொத்தா என்றுதான் அண்ணா அழைப்பார். வீட்டு நிலைமை காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 1942-ல் காஞ்சிபுரத்திலிருந்தே 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார்.

அவர் வளர்ந்த ஊரின் தொழிலைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டு, விடிகாலையில் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். கரைப் பக்கத்து நாடாவைப் போடத் தறியில் இன்னொரு ஆள் துணைக்கு உட்காருவார். உடலும் கரையும் இழைக்கு இழை கோத்துக்கொள்ளும். இதற்குக் கோர்வை என்று பெயர். கோயில் கோபுரம், யாளி, மயில், ருத்திராட்சம் எல்லாம் கரையில் ஏறிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு பெயரைச் சொல்ல முடியாது. நம் நாட்டு நெல் ரகங்களின் கதையும் இதேதான். காப்புரிமைச் சட்டமோ புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கே உரிமை தரும். தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரே சேர்த்து வைத்த அறிவுக்கு அதில் இடமில்லை.

1952-ல் கைத்தறி பெரிய நெருக்கடியில் மாட்டியது. துணி தேங்கியது. மில் துணியோடு விலையில் போட்டி போட முடியவில்லை. நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டியை நம்பி நின்றன. பட்டைவிடப் பருத்தித் தறிகளுக்குத்தான் அடி பலம். 1953-ன் தொடக்கத்தில் அண்ணா கைத்தறித் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திருச்சித் தெருக்களில் கூவி விற்றார். அவர் கட்சியினர் பல ஊர்களில் அதையே செய்தார்கள். தேங்கிய துணி முழுவதும் இதனால் விற்றுவிடாது என்பது பொருளாதாரம் படித்த அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நெசவாளியின் பிரச்சினையை வாங்குகிறவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனதில்தான் அதன் பலன் இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. அரசியலில் இருவரும் எதிரெதிர் துருவம். ஆனாலும் சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்கித் தர வேண்டும் என்று டெல்லியிடம் ராஜாஜியும் வற்புறுத்தினார். 1953-ல் மத்திய அரசு மில் துணி மீது கஜத்துக்குக் காலணா கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பியது.

1957-ல் காஞ்சிபுரம் தொகுதியிலிருந்து அண்ணா சட்டமன்றம் போனார். 1962-ல் அதே ஊர் அவரைத் தோற்கடித்தது; மாநிலங்களவைக்குச் சென்றார். 1967-ல் முதலமைச்சரானார். ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 3-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

கைத்தறிக்கான ரக ஒதுக்கீட்டுச் சட்டம் 1985-ல்தான் வந்தது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்தன; 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன, இப்போது 11. குறிப்பிட்ட வகைச் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி ஆகியவை அதில் உண்டு. இந்தச் சட்டம் துணி எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று கேட்கிறது. 2003-ல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், பெயர் யாருடையது என்று கேட்கிறது. காஞ்சிபுரம் பட்டு 2005-06-ல் அதில் பதிவானது.

இந்தப் பெயரை யாரும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும்; புதுப்பித்துக்கொண்டே போகலாம். வேறு இடத்தில் நெய்ததைக் காஞ்சிபுரம் பட்டு என்று விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ஆனால் காக்கப்படுவது பெயர் மட்டும்தான். அதே யாளியை, அதே கோபுரத்தை வேறு பெயரில் நெய்து விற்றால் இந்தச் சட்டம் தடுக்காது. இது பெரிய ஓட்டை. ஊருக்குப் பொதுவான வடிவத்தை யாருடைய சொத்தாக எழுதுவது என்று சட்டத்துக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த விஷயத்தில் விவசாயியின் நிலை கொஞ்சம் மேல். 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, ஊரில் வழிவழியாகக் காத்து வந்த ரகத்தை விவசாயிகள் தனியாகவோ சமூகமாகவோ பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை உண்டு. வணிகப் பெயர் போட்ட பொட்டலமாக விற்பதற்குத்தான் தடை. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம்.

குறியீடு பெற்ற மஞ்சளோ பூண்டோ பயிரிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரின் பெயர் பதிவானதும் வேலை முடிந்துவிடாது. அந்தப் பெயரையும் முத்திரையையும் போட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக உற்பத்தியாளர் தன் பெயரையும் பதிய வேண்டும். தனியாகவும் விண்ணப்பிக்கலாம், கூட்டுறவுச் சங்கம் அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவும் போகலாம். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.