பெலிக்ஸ் வாங்கெல்: ஓர் அளவு போதாத மனிதர்

ரோட்டரி எஞ்சின் பூட்டிய பழைய கார் ஒன்றை வாங்க நினைப்பவரிடம் நான் முதலில் கேட்பது, கொம்பிரஷன் பார்த்தீர்களா என்றுதான். இந்த எஞ்சினுக்குள் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழல்கிறது. அதன் மூன்று முகங்களும் மாறி மாறி ஒரே ஸ்பார்க் பிளக் துளையைக் கடக்கின்றன. சாதாரண அழுத்தமானி மூன்றில் கூடிய அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகம் நன்றாக இருந்தால் மற்ற இரண்டின் பழுதும் மறைந்துவிடும். ஆகவே மானியின் வால்வைத் திறந்து பிடித்தபடி ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி, முள் மூன்று தடவையும் சமமாகத் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். சரியான எண்கள் தேவையென்றால் மூன்றையும் தனித்தனியே பதியும் கருவி வேண்டும். மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில், நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் 680 கிலோபஸ்கால் குறைந்தபட்ச எல்லை.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த பெலிக்ஸ் வாங்கெலின் வாழ்க்கையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் 1902இல் ஜேர்மனியின் லார் நகரில் பிறந்தார். தந்தை முதலாம் உலகப் போரில் இறந்தார். பல்கலைக்கழகம் செல்லப் பணமில்லை. ஹைடல்பேர்க்கில் புத்தக நிறுவனமொன்றில் வேலை பார்த்தபடி தாமாகவே இயந்திரவியல் கற்றார். 1924இல் அங்கேயே சிறு பட்டறை தொடங்கினார். 1929இல் சுழலும் எஞ்சினுக்கு முதல் காப்புரிமை பெற்றார். கடும் கிட்டப்பார்வை உடையவர். கார் உலகையே திரும்பிப் பார்க்கவைத்த அவரிடம் கடைசிவரை சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை.

அடுத்த முகம் இருண்டது. 1920களின் தொடக்கத்திலேயே ஹிட்லரின் கட்சியில் சேர்ந்து இளைஞர் அணிகளை நடத்தினார். உள்ளூர் கட்சித் தலைவர் ரொபேர்ட் வாக்னரோடு மோதியதால் 1933இல் சில மாதங்கள் சிறையில் இருந்தார். இதை வைத்து அவரை எதிர்ப்பாளராகக் காட்ட முடியாது. அது கட்சிக்குள் நடந்த சண்டை. பின்னர் லிண்டாவ் பட்டறையில் நாசி அரசின் விமானப்படைக்காகச் சுழலும் வால்வுகளை ஆராய்ந்தார். 1940இல் எஸ்எஸ் அமைப்பில் சேர்ந்தார். இரண்டு வருடங்களில் நீக்கப்பட்டார். போருக்குப் பின் நேச நாடுகள் அவரைச் சிறை வைத்து, பட்டறையையும் மூடின.

மூன்றாவது முகத்தைத்தான் உலகம் அறியும். 1951இல் என்எஸ்யு நிறுவனத்தோடு இணைந்தார். 1957இல் முதல் எஞ்சின் ஓடியது. அதில் ரோட்டரோடு வெளிக்கூடும் சேர்ந்து சுழன்றது. பிளக் மாற்றவே எஞ்சினைக் கழற்ற வேண்டியிருந்தது. கூட்டை நிலையாக நிறுத்தி, இன்று நாம் காணும் வடிவத்தைத் தந்தவர் அதே நிறுவனத்தின் பொறியியலாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. வாங்கெலுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை.

லிண்டாவில் அவர் வருடக்கணக்காக ஆராய்ந்தது, அசையும் பாகங்களுக்கிடையே வாயு கசியாமல் அடைப்பதைத்தான். எஞ்சினைக் கைவிட்டதும் அந்த இடமே. 1967இல் வந்த என்எஸ்யு ஆர்ஓ 80 காரில் ரோட்டர் முனைச் சீல்கள் விரைவில் தேய்ந்தன. உத்தரவாதத்தின்கீழ் எஞ்சின்களை மாற்றிக் களைத்த நிறுவனம், 1969இல் வொக்ஸ்வாகனின் கீழ் சென்றது. யப்பானின் ஹிரோஷிமாவில் கெனிச்சி யமமோட்டோவின் குழு சீல்களுக்குப் புதிய கலவைப் பொருளைக் கண்டு, அதே 1967இல் மஸ்டா கொஸ்மோவை வெளிக்கொணர்ந்தது.

வாங்கெல் 1988இல் காலமானார். 1991இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் மஸ்டா 787பி வென்றதை அவர் காணவில்லை. அந்த வெற்றியைக் கொண்டாடுபவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவரது பெயரைச் சொல்லும்போது உச்ச அளவை மட்டும் வாசித்துவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. கண்டுபிடிப்பு உண்மை. அவர் அணிந்த சீருடையும் உண்மை.