சந்திரனில் பெயர் பதித்த சாராபாய்

உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. வெகு தூரத்து வானப் பொருள்களைச் சந்திரன் மறைத்துச் செல்லும் வேளையில் அவற்றை ஆராய்வதற்கென்றே அமைத்தது அது. அணுசக்தி இலாகாவின் ஆதரவில் எழுந்த அக்கருவி 1970-ல் இயங்கத் தொடங்கியபோது அணுசக்திக் கமிஷன் தலைவராக இருந்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய்.

ஆமதாபாத் மில் அதிபர் அம்பாலால் சாராபாயின் மகனாக 1919 ஆகஸ்டு 12-ல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர், யுத்தம் மூண்டதும் தாயகம் திரும்பி, பெங்களூரில் ஸர் ஸி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1942-ல் சென்னை அம்மு சுவாமிநாதன் அம்மையாரின் மகள், நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார்.

செல்வத்தில் பிறந்தவரானாலும் சிக்கனம் அறிந்தவர். 1963-ல் தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பியபோது மாதா கோயில்தான் காரியாலயம். ராக்கெட் பாகங்கள் சைக்கிளிலும் சென்றன. ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஏழை நாட்டுக்குத்தான் விஞ்ஞானம் அதிகம் தேவை என்பது அவர் கட்சி. 1971 டிசம்பர் 30-ல், 52-ம் வயதில், கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. 1973-ல் சந்திரனிலுள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் வழிவந்தவர்கள் சந்திரனுக்கே வண்டி அனுப்ப முனைந்தார்கள். அங்குள்ள மண் மாவைப் போன்றது; ஆகர்ஷண சக்தியோ பூமியில் ஆறில் ஒரு பங்கு. 26 கிலோ வண்டி அங்கே நாலரை கிலோகூடக் கனக்காது. பாரம் குறைந்தால் சக்கரம் அதிகம் புதையாது; ஆனால் பிடிப்பும் குறைந்து வழுக்கும். ஆகையால் மண், பாரம் இரண்டையும் சந்திரனுக்கு ஒப்பாக்கிச் சோதிக்க வேண்டும்.

மண்ணுக்கு அயல்நாட்டைத் தேடவில்லை. நம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை சந்திரனின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துப் பரப்பினார்கள். ஹீலியம் பலூனைக் கட்டி வண்டியின் கனத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். சைக்கிளில் ராக்கெட் சென்ற அதே சிக்கனம்!

2019-ல் விக்ரம் என்றே அவர் பெயர் தாங்கிய இறங்குகலம் தரையில் மோதி நொறுங்கியது. உள்ளிருந்த வண்டி சந்திர மண்ணைத் தொடவே இல்லை. பட்ட பாடு வீணோ என்று மனம் கலங்கிய இரவு அது. ஆனால் முயற்சி நிற்கவில்லை. 2023 ஆகஸ்டு 23-ல் இரண்டாவது விக்ரம் பத்திரமாக இறங்கியது. அதிலிருந்து பிரக்ஞான் என்ற வண்டி வெளிவந்து நூறு மீட்டருக்கு மேல் உருண்டது. எதற்கு என்று கேட்டவர்களுக்கு, சாராபாய் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், அந்தச் சக்கரத் தடங்களே விடை சொல்லின.