அரவிந்தரை மீட்ட வக்கீல்

1908ஆம் ஆண்டு, மே மாதம் 2ந் தேதி. விடியற்காலை. கல்கத்தாவில் ஒரு வீட்டுக்குள் போலீசார் நுழைந்தனர். தூங்கிக் கொண்டிருந்தவரை எழுப்பிக் கைது செய்தனர். அவர்தான் அரவிந்தர்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, முசபர்பூரில் ஒரு கோச்சு வண்டி மீது வெடிகுண்டு வீசப்பட்டது. அதில் வெள்ளைக்காரப் பெண்கள் இருவர் பலியானார்கள். வெடிகுண்டுச் சதிக்கு அரவிந்தரே தலைவர் என்றது சர்க்கார். குற்றம் நிரூபணமானால் தூக்குத் தண்டனையும் விதிக்கலாம்!

சர்க்கார் தரப்பில் வாதாடியவர், சென்னையில் புகழ்பெற்ற பாரிஸ்டர் நார்ட்டன். 200க்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர்.

கடனாளி வக்கீல்

அரவிந்தருக்காக வாதாட வந்தார் சித்தரஞ்சன் தாஸ். 1870ல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் சட்டம் படித்தவர். ஆனால், குடும்பக் கடன் தாங்காமல் 1906ல் தந்தையும் மகனும் 'இன்சால்வெண்ட்' ஆனார்கள். அந்த நிலையிலும் அவர் பணத்தைப் பெரிதாக எண்ணாமல், இரவு பகலாக இந்த வழக்குக்கு உழைத்தார்.

நாட்டுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று எழுதுவது குற்றம் ஆகாது. வெடிகுண்டோடு தொடர்பு உண்டென்று சர்க்கார்தான் நிரூபிக்க வேண்டும். இதுவே தாஸின் வாதம்.

மிட்டாய்க் கடிதம்

சர்க்கார் ஒரு கடிதத்தைக் காட்டியது. நாடெங்கும் மிட்டாய் தயாராக இருக்கவேண்டும் என்று தம்பி பரீந்திரர் அண்ணனுக்கு எழுதியதாம். மிட்டாய் என்றால் வெடிகுண்டாம்!

தாஸ் அதைத் துருவினார். அண்ணனுக்கு எழுதும் தம்பி, அன்னியனைப் போல் முழுப் பெயரையும் கையெழுத்திடுவானா? அப்போது இருவரும் ஒரே ஊரில், சூரத்தில் அல்லவா இருந்தார்கள்? பிறகு கடிதம் எதற்கு? நீதிபதி பீச்கிராப்டுக்கும் சந்தேகம் வந்தது. அந்தக் கடிதம் அரவிந்தருக்கு எதிரான சாட்சியமாக நிற்கவில்லை.

1909 மே 6ந் தேதி அரவிந்தர் விடுதலையானார். அடுத்த ஆண்டு புதுச்சேரிக்கு வந்தார். பரீந்திரருக்கோ தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தாஸ் அப்பீலிலும் வாதாடினார். தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது; ஓர் உயிர் தப்பியது.

தேசபந்து

பிறகு தாசுக்கு வருமானம் பெருகியது. சட்டம் கட்டாயப்படுத்தாத போதும், 1913ல் பழைய கடன்களை அடைத்தார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும், அந்தப் பெரிய வருமானத்தையே உதறினார். மக்கள் அவரை 'தேசபந்து' என்று அழைத்தார்கள். 1925 ஜூன் 16ந் தேதி டார்ஜிலிங்கில் காலமானார்.

குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாம் குற்றவாளி அல்ல. சந்தேகம் எவ்வளவு பலமானாலும், அது சாட்சியம் ஆகாது. அந்த உண்மையைக் கோர்ட்டில் நிலைநாட்டியவர் தாஸ்.